கொடுக்கும் கையும் வாங்கும் கையும்

கொடுத்தலைக் குறிக்க ஈ, தா, கொடு என்று மூன்று சொற்கள் உண்டு என்பதை இலக்கண வகுப்பில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். மூன்றும் ஒரே பொருளைத் தருவன போலத் தோன்றும், ஆனால் ஒன்றல்ல. தன்னினும் உயர்ந்தவரிடம் கேட்பவர் 'ஈ' என்பார். தனக்கு ஒத்தவரிடம் கேட்பவர் 'தா' என்பார். தன்னினும் தாழ்ந்தவரிடம் கேட்பவர் 'கொடு' என்பார். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் இவ்வாறு வகுத்திருக்கிறார். தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்கிறோம், இரண்டு மதிப்பெண் வாங்குகிறோம், பிறகு மறந்துவிடுகிறோம். சற்று நின்று பார்த்தால் இதில் ஒரு வியப்பு இருக்கிறது. மூன்று சொற்களில் ஒன்றுகூடக் கொடுப்பவர் வாயிலிருந்து வருவதன்று. மூன்றும் கேட்பவர் வாயிலிருந்து வருபவை. கொடையை அளக்க வந்த அப்பழைய ஆசிரியர், கொடுப்பவரின் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. வாங்குபவர் எந்த நிலையில் நின்று வாங்குகிறார் என்றுதான் பார்த்தார்.

கொடுப்பது எப்படி என்று நமக்குச் சொல்லித் தருவோர் ஏராளம். பாரியும் பேகனும் நம் பேச்சுப் போட்டிகளில் ஆண்டுதோறும் தேரையும் போர்வையையும் இழந்துகொண்டே இருக்கிறார்கள். வாங்குவது எப்படி என்று சொல்லித் தருவோர்தாம் குறைவு. பிறந்த நாளன்று இனிப்பு வழங்கும்போதும், ஆசிரியர் தினத்தன்று வரிசையில் நிற்கும்போதும், கிறிஸ்து பிறப்பு விழாவுக்குச் சீட்டுக் குலுக்கிப் பரிசு மாற்றிக்கொள்ளும்போதும் நம் மாணவியரைக் கவனித்து வருகிறோம். கொடுக்கத் தெரிந்த அளவுக்கு வாங்கத் தெரியவில்லையே என்ற எண்ணம் அப்போதெல்லாம் எழுவதுண்டு. இது சிறுமியருக்கு மட்டும் உரிய குறையன்று.

இதற்குரிய பாடம் ஒன்று நம் ஊரை ஒட்டியே ஆண்டுதோறும் நடக்கிறது. திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே காவிரி. ஸ்ரீரங்கத்துக்கு அப்புறம் கொள்ளிடம். கொள்ளிடம் தாண்டி வடக்கே போனால் சமயபுரம். சமயபுரத்து மாரியம்மன் ஸ்ரீரங்கத்து அரங்கநாதருக்குத் தங்கை என்பது இப்பக்கத்து மக்களின் நம்பிக்கை. முன்னொரு காலத்தில் அவள் ஸ்ரீரங்கத்திலேயே இருந்தாள் என்றும், அவளுடைய உக்கிரம் தாங்காமல் வெளியே கொண்டுபோய் வைத்தார்கள் என்றும் தல வரலாறு கூறும். (எந்தக் குடும்பத்தில்தான் இப்படி ஒரு பழைய மனத்தாங்கல் இல்லை!) தைப்பூசத்தன்று அம்மன் சமயபுரத்தை விட்டுப் புறப்பட்டு, கொள்ளிடத்தின் வடகரைக்கு எழுந்தருளுகிறாள். தீர்த்தவாரி நடக்கிறது. அந்த ஆற்றங்கரைக்கு அண்ணன் வீட்டுச் சீர் வந்து சேர்கிறது: பட்டுப் புடவை, மாலை, மஞ்சள், குங்குமம், சந்தனம், பழவகைகள். ஸ்ரீரங்கம் கோயிலார் தட்டுகளை ஏந்தி மேளதாளத்துடன் கொண்டு வந்து கொடுக்கிறார்கள்; சமயபுரத்தார் பெற்றுக்கொள்கிறார்கள்.

நம் மறை வேறு. ஆயினும் இந்த ஏற்பாட்டைச் செய்த முன்னோரின் நுட்பத்தைக் கண்டு வியக்காமல் இருக்க முடியவில்லை. "வேண்டுமானால் என் வாசலுக்கு வந்து வாங்கிக்கொள்" என்று அண்ணன் சொல்லவில்லை. "கொண்டு வந்து வைத்துவிட்டுப் போ" என்று தங்கை வீட்டில் உட்கார்ந்திருக்கவும் இல்லை. இருவரும் ஆற்றுக்கு வருகிறார்கள். தூரத்தைக் கணக்கிட்டால் வாங்குகிறவள் வரும் வழிதான் அதிகம்! பழைய மனத்தாங்கல் இருந்தால் என்ன, ஒரு நாள் கரைக்கு வந்து நிற்பதுதான் அதற்கு மருந்து என்று சொல்லாமல் சொல்கிறார்கள்.

ஆடி மாதத்தில் இன்னொரு சீர் உண்டு. பெருக்கை ஒட்டிய ஒரு நாளில் நம்பெருமாள் அம்மா மண்டபம் படித்துறைக்கு எழுந்தருள, காவிரித் தாய்க்குப் புடவையும் மாலையும் வெற்றிலை பாக்கும் யானைமேல் வைத்துக் கொண்டுவரப்பட்டு ஆற்றில் விடப்படுகின்றன. அதே படித்துறையில் பெண்கள் காதோலையும் கருகமணியும் பழமும் வைத்துக் கும்பிட்டுவிட்டுச் சித்திரான்னம் சாப்பிடுகிறார்கள். ஆறு நன்றி சொல்வதில்லை. எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறது. நன்றிச் சொல்லை எதிர்பார்த்துக்கொண்டு கொடுப்பவர்கள் அந்தப் படித்துறையில் சற்று உட்கார்ந்துவிட்டு வரலாம்.

இனி நம் வீட்டுத் தட்டுகளுக்கு வருவோம். திருச்சியில் ஒரே தெருவில் மூன்று சமயத்தார் வாழ்வது புதிதன்று. பாலக்கரையிலும் மேலப்புதூரிலும் பொன்மலை இரயில்வே குடியிருப்பிலும் தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும், நோன்புக் காலத்தில் கஞ்சியும், கிறிஸ்மஸுக்குக் கல்கலும் அச்சு முறுக்கும் கேக்கும் வீடு மாறி வீடு போகும். இதில் ஒரு சிக்கல் ஸ்ரீரங்கத்துத் தோழியர் வீடுகளில் வரும். சித்திரை வீதியிலும் உத்திர வீதியிலும் ஆசாரம் காக்கும் சில இல்லங்களில் வெளியே சமைத்ததை உண்பதில்லை. முட்டை சேர்ந்த கேக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அங்கே ஒரு துண்டு கேக்கைக் கொண்டு நீட்டினால் என்ன ஆகும்? மறுத்தால் நம் பிள்ளை முகம் வாடும். வாங்கிக்கொண்டால் அவர்கள் அதை வைத்துக்கொண்டு திண்டாடுவார்கள். கொடுத்தவர் மனத்தில் அன்பு இருந்தது உண்மை. ஆனால் அந்த அன்பு தன் வீட்டு அடுப்பை மட்டுமே பார்த்தது. எதிர் வீட்டு அடுப்பைப் பார்க்கவில்லை.

விவரம் தெரிந்த தாய்மார் என்ன செய்கிறார்கள் தெரியுமா? அந்த வீட்டுக்கு மட்டும் தனித் தட்டு. ஆப்பிள், ஆரஞ்சு, கற்கண்டு, ஒரு முழம் பூ. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் பூ வாடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது மகளின் பொறுப்பு.

"மாமி, அம்மா இதைக் குடுத்துட்டு வரச் சொன்னாங்க. எல்லாம் பழம்தான் மாமி."

"வாம்மா, உள்ளே வந்து உக்காரு. உங்கம்மாவுக்குத்தான் எத்தனை ஞாபகம்!"

அந்த 'எல்லாம் பழம்தான்' என்ற சொல்லில்தான் பரிசே இருக்கிறது. பழம் காந்தி மார்க்கெட்டில் யாருக்கும் கிடைக்கும். தன் வீட்டு வழக்கத்தை இன்னொரு வீட்டார் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது எந்தக் கடையிலும் கிடைக்காது.

மறுபக்கமும் உண்டு. நவராத்திரியில் அதே மாணவி கொலு பார்க்கப் போகிறாள். தாம்பூலத்தோடு மஞ்சளும் குங்குமமும் ஒரு ரவிக்கைத் துணியும் வைத்துக் கொடுக்கிறார்கள். "நாங்கள் குங்குமம் வைப்பதில்லை" என்று அந்த இடத்தில் விளக்கவுரை தொடங்குவது அழகன்று. வைத்துக்கொள்வதும் கொள்ளாததும் பிறகு. இரு கையாலும் வாங்கி, "வர்றேன் மாமி" என்று சொல்லிவிட்டு வருவதே பொருத்தம். வீட்டுக்கு வரும் பெண் குழந்தையை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்ற அவர்களுடைய எண்ணத்தைத்தான் நாம் வாங்குகிறோம். அதற்கு எந்த மறையிலும் தடையில்லை.

இந்த ரவிக்கைத் துணியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வீட்டில் கொடுத்தது இன்னொரு வீட்டுக்குப் போய், அங்கிருந்து வேறொரு வீட்டுக்குப் போய், கடைசியில் முதலில் கொடுத்தவரிடமே வந்து சேர்ந்த கதை திருச்சியில் எந்தக் குடும்பத்திலும் இருக்கும். சிரிக்க வேண்டாம்! நியூகினிக்கு அருகே டிரோபிரியண்டு என்ற தீவுகள் உள்ளன. அங்குள்ள மக்கள் சிவப்புச் சங்கு மாலைகளை ஒரு திசையிலும், வெண்சங்குக் கைவளைகளை எதிர்த்திசையிலும் தீவுக்குத் தீவு படகில் கொண்டுபோய்ப் பரிசாகக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். யாரும் அவற்றை நிலையாக வைத்துக்கொள்வதில்லை. சுற்றிக்கொண்டே இருப்பதுதான் அவற்றின் பெருமை. மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலார் இதை 1922இல் நூலாக எழுதினார். அதைப் படித்த பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ், 1925இல் வெளியான தம் கட்டுரையில், கொடுப்பதும் பெறுவதும் திருப்பிச் செய்வதும் ஆகிய மூன்று கடமைகள் சேர்ந்தே உலகெங்கும் மனிதரைப் பிணைத்து வைத்திருக்கின்றன என்று விளக்கினார். அம்மூன்றில் நடுவில் நிற்பது பெறுதல். 'வேண்டாம்' என்று மறுப்பது பல சமூகங்களில் உறவை முறிப்பதற்குச் சமம்.

நம்மில் பலர் அந்த நடுக்கண்ணியில்தான் தடுமாறுகிறோம். பரிசை நீட்டியவுடன் நம் வாயில் வரும் முதற்சொல் எது? "எதுக்கு இதெல்லாம்?" அடுத்தது, "ஐயோ, வேண்டாங்க." அதற்கடுத்தது, "உங்களுக்கு ஏன் வீண் செலவு?" இவை பணிவு என்று நாம் நினைக்கிறோம். ஒரு முறை சொன்னால் பணிவுதான். மூன்று முறை சொன்னால், கொண்டு வந்தவர் தாம் ஏதோ தவறு செய்துவிட்டதுபோல் கெஞ்ச வேண்டி வருகிறது. இன்னும் சிலர் உடனே உள்ளே ஓடிப் பீரோவைத் திறந்து எதையாவது எடுத்துக்கொண்டு வந்து பதிலுக்குத் திணித்துவிடுவார்கள். கடன் தீர்ந்தது! வந்தவர் மகிழ்ச்சி அரை நிமிடம்கூட நீடிக்க விடவில்லை.

மாணவியரிடம் காணும் குறைகள் வேறு வகை. உறையைக் கிழித்தவுடன் விலைச் சீட்டைத் தேடும் கண்கள். "இது என்கிட்ட ஏற்கெனவே இருக்கே" என்ற வாய். பக்கத்தில் இருப்பவளுக்கு வந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முகம். விலை பார்க்கும் வழக்கத்துக்கு வேதாகமத்திலேயே ஒரு முன்னோடி உண்டு. பெத்தானியாவில் மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை இயேசுவின் பாதங்களில் பூசியபோது வீடெல்லாம் மணம் பரவியது; யூதாஸ் மட்டும் அது முந்நூறு தெனாரியம் பெறும் என்று கணக்குச் சொன்னான். ஆண்டவரோ அவளைத் தடுக்கவில்லை. அந்தப் பரிசை அமைதியாக ஏற்றுக்கொண்டதோடு, அவளுக்காகப் பரிந்தும் பேசினார். ஏற்றுக்கொள்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா? பெரிய வியாழனன்று நாம் காணும் பாதம் கழுவும் சடங்கிலும் இதே பாடம் உண்டு. இராயப்பர் என்று நம் பாட்டிமார் வழங்கிய புனித பேதுரு, குருவானவர் தம் கால்களைத் தொடுவதா என்று முதலில் மறுத்தார். மறுத்தது அன்பினால்தான். ஆயினும் வாங்கிக்கொள்ள மறுத்தால் தம்மோடு பங்கில்லை என்று ஆண்டவர் சொல்லிவிட்டார். கால்களைக் கழுவுவதைவிடக் கழுவக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கடினம் என்பதைப் பங்குக் கோயிலில் ஆண்டுதோறும் அந்தப் பன்னிரண்டு பேரின் முகங்களைப் பார்த்தால் தெரியும்.

பிரித்துப் பார்ப்பதிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு. மேல்நாட்டில் கொடுத்தவர் எதிரிலேயே உறையைப் பிரித்து மகிழ்ச்சி தெரிவிப்பது மரியாதை. ஜப்பானியரோ இரு கையாலும் வாங்கி, கொடுத்தவர் எதிரில் பிரிக்காமல் வைத்துவிடுவர். நம் வீடுகளிலும் பெரியவர்கள் பிரிக்காமல் உள்ளே வைப்பதே வழக்கமாக இருந்தது. இப்போது பிள்ளைகளின் பிறந்த நாள்களில் மேல்நாட்டு முறையே மிகுதி. எந்த முறையானாலும் சரி. ஆனால் பிரித்தால், பொருளை ஒரு கணமாவது பார்த்துவிட்டுக் கொடுத்தவரை நிமிர்ந்து பாருங்கள். அந்தப் பார்வைக்காகத்தான் அவள் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சாலையின் தீபாவளி நெரிசலில் அரை நாள் அலைந்திருப்பாள்.

ஏற்க மறுப்பது எப்போதுமே தவறா என்று கேட்கலாம். அதற்கும் நம் இலக்கியத்தில் விடை உண்டு. பெருஞ்சித்திரனார் என்ற புலவர் மலைகள் பல கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியைக் காணச் சென்றார். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதே அதியமான்தான். ஆனால் அன்று அவன் புலவரை நேரில் காணாமல் பரிசிலை மட்டும் கொடுத்தனுப்பினான். புலவர் வாங்கவில்லை. காணாது தருவதைப் பெற்றுப் போகத் தாம் வணிகர் அல்லர் என்றும், தம்மை அறிந்து தந்தால் தினையளவும் இனிதே என்றும் பாடினார். புறநானூற்றில் 208ஆம் பாட்டு இது. கைப்பேசியில் பணத்தை அனுப்பிவிட்டு "வந்துடுச்சா?" என்று ஒரு வரி எழுதுவதோடு தாத்தாவின் எண்பதாம் பிறந்த நாளை முடித்துக்கொள்ளும் குடும்பங்கள் இப்பாட்டை ஒரு முறை படிக்கலாம்.

அதற்கு எதிரான காட்சி நம் உறையூரில் நடந்தது. இன்று கைத்தறிப் புடவைக்குப் பெயர் பெற்ற அதே உறையூர்தான். அதை ஆண்ட கோப்பெருஞ்சோழன் மக்களோடு ஏற்பட்ட பகையால் மனம் நொந்து வடக்கிருந்தான். தான் ஒருநாளும் கண்டிராத பாண்டிநாட்டுப் புலவர் பிசிராந்தையார் கட்டாயம் வருவார், அவருக்கும் தன் பக்கத்தில் இடம் விடுங்கள் என்றான். பிசிராந்தையார் வந்தார். கையில் ஒன்றும் கொண்டு வந்ததாகப் புறநானூற்றில் குறிப்பில்லை.

இப்போது மொய்க்கு வருவோம். மொய் எழுதுவது நல்ல வழக்கமா, கெட்ட வழக்கமா என்று ஆண்டுதோறும் நம் பட்டிமன்றத்தில் வாதாடுகிறார்கள். எங்கள் தீர்ப்பு இதுதான்: மொய் பரிசன்று; ஆனால் கெட்டதுமன்று. அது ஊரார் சேர்ந்து நடத்தும் வட்டியில்லாக் கடன். கலியாணத்துக்கும் காதுகுத்துக்கும் மொத்தமாகப் பணம் தேவைப்படும் வீட்டுக்குப் பலர் சிறிது சிறிதாகக் கொடுத்து, தங்கள் வீட்டு விசேஷத்தில் திரும்பப் பெறுகிறார்கள். அதனால்தான் நோட்டும் பேனாவும். புதுக்கோட்டை, தஞ்சை மாவட்ட எல்லையில் கீரமங்கலம், பேராவூரணிப் பக்கத்து ஊர்களில் மொய் விருந்து என்றே தனியாக நடத்திப் பெருந்தொகை திரட்டித் தொழில் தொடங்குகிறார்கள். நூற்றொன்று, ஐந்நூற்றொன்று என்று ஒரு ரூபாய் சேர்த்து வைப்பதில் கணக்கு முடியவில்லை, உறவு தொடரட்டும் என்ற எண்ணமும் இருக்கிறது. தவறு எங்கே வருகிறது என்றால், கடனுக்குரிய நோட்டை எடுத்துக்கொண்டு பரிசை அளக்கப் போகும்போதுதான். "அவ என் பர்த்டேக்கு ஒரு பேனாதான் குடுத்தா" என்று ஏழாம் வகுப்புச் சிறுமி சொல்லும்போது அவள் கையில் ஒரு மொய் நோட்டு இருக்கிறது.

இனிச் சொல்லப் போவது மூத்த மாணவியருக்கும் பெற்றோருக்கும். பரிசு என்ற பெயரை மாட்டிக்கொண்டு நம் வீடுகளில் நுழையும் மிகப் பெரிய பொய் வரதட்சணை. கேட்டு வாங்குவது எதுவும் பரிசு ஆகாது. அதைப் பட்டுத் துணியால் மூடித் தாம்பாளத்தில் வைத்து மேளத்தோடு கொண்டு போனாலும் ஆகாது. "நாங்க எதுவும் கேக்கலீங்க, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதச் செய்யுங்க" என்ற பேச்சும் கேட்பதுதான் என்பதை எல்லோரும் அறிவோம். வரதட்சணைத் தடுப்புச் சட்டம் 1961இல் வந்தது. 1984இலும் 1986இலும் அது திருத்தப்பட்டுக் கடுமையாக்கப்பட்டது. கேட்காமல் மனம் உவந்து கொடுக்கும் அன்பளிப்பை அச்சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அவற்றுக்குப் பட்டியல் எழுதி வைக்க வேண்டும் என்கிறது. பட்டியல் எப்படி இருக்க வேண்டும் என்று 1985இல் விதிகளும் வந்தன. பெண் வீட்டார் தருவது வழக்கத்தை ஒட்டியும் அவர்களுடைய வசதிக்கு மிஞ்சாமலும் இருக்க வேண்டும். வரதட்சணையாக வேறு யார் எதை வாங்கியிருந்தாலும் அதை மூன்று மாதத்துக்குள் அந்தப் பெண்ணிடமே ஒப்படைக்க வேண்டும். இந்தக் கடைசி விதி பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை. மகளிர் குழுக் கூட்டங்களில் இதை அவசியம் சொல்ல வேண்டும்.

மகளுக்குச் சீர் கொடுப்பதில் தாய்வீட்டின் அன்பு இருக்கிறது. தாய்மாமன் சீரில் ஒரு குடும்பத்தின் பெருமிதமே இருக்கிறது. ஆனால் "சீர் செய்தாயிற்றே, இனிச் சொத்தில் பங்கு எதற்கு?" என்று கேட்கும்போது சீர் வாய்ப்பூட்டாக மாறிவிடுகிறது. பழைய திருவிதாங்கூரில் கிறிஸ்தவருக்கென்று 1916ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. தந்தை உயில் எழுதாமல் இறந்தால், மகனுடைய பங்கில் காற்பங்கு அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. சீதனம் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. கோட்டயத்தைச் சேர்ந்த கல்வியாளர் மேரி ராய் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார். அச்சட்டம் இனிச் செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்று 1986இல் தீர்ப்பு வந்தது. இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை தரும் சட்டத்தைத் தமிழ்நாடு 1989இல் செய்தது. 2005இல் அது நாடு முழுவதற்கும் ஆயிற்று. உரிமையாகத் தர வேண்டியதைத் தந்த பிறகு கொடுக்கும் ஒரு மல்லிகைச் சரம்கூடப் பரிசு. உரிமையைத் தராமல் கொடுக்கும் நூறு பவுனுக்கு வேறு பெயர் தேட வேண்டும்.

டிசம்பர் 6ஆம் நாள் நாம் நினைவுகூரும் புனித நிக்கொலாசைப் பற்றி வழிவழியாக வரும் கதையும் இதைத் தொட்டதே. சீதனம் கொடுக்க வழியில்லாமல் மூன்று பெண்களின் வாழ்வு அழிய இருந்தபோது, அவர் இரவில் யாருக்கும் தெரியாமல் அவர்கள் வீட்டுச் சாளரம் வழியே பொன் முடிப்புகளை எறிந்துவிட்டுப் போனாராம். நாலாம் நூற்றாண்டிலேயே இதே தொல்லை! கொடுத்தவர் யார் என்று தெரியாததால் அந்தப் பெண்கள் யாருக்கும் முன் தலைகுனிய வேண்டியிருக்கவில்லை. கிறிஸ்மஸ் தாத்தாவின் சிவப்பு அங்கியையும் வெள்ளைத் தாடியையும் எடுத்துக்கொண்ட உலகம், அந்த இருட்டை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. இன்று ஐந்து நோட்டுப் புத்தகம் கொடுப்பதற்கும் ஒரு நிழற்படம் தேவைப்படுகிறது.

நம் பள்ளியில் பலருடைய உதவியால் படிக்கும் மாணவியர் உண்டு, அவர்கள் யார் என்பது வகுப்பில் யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. சீருடையை உதவியாகத் தருவதாயின் அளவு எடுத்துத் தைத்துத் தர வேண்டும். பெரியதைக் கொடுத்து "மடிச்சுத் தைச்சுக்கோம்மா" என்றால் அந்த மடிப்பை ஊரே பார்க்கும். பழைய துணி சேகரிக்கும் நாளில் பட்டன் அறுந்ததையும் சாயம் போனதையும் மூட்டை கட்டி அனுப்பும் வீடுகளுக்கு அருட்சகோதரியர் சார்பில் ஒரு வேண்டுகோள்: துவைத்து, பட்டன் தைத்து, இஸ்திரி போட்டு அனுப்புங்கள். உங்கள் மகள் அதை அணிவாளா என்று ஒரு முறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

சொல்லிலும் இந்தக் கவனம் தேவை. 2011க்குப் பின் தமிழக அரசு தன் திட்டங்களில் 'இலவச' என்ற சொல்லை விட்டு 'விலையில்லா' என்று எழுதத் தொடங்கியபோது சிலர் கேலி செய்தனர். எங்களுக்கு அது நல்ல மாற்றமாகவே பட்டது. காமராசர் காலத்தில் 1956இல் தொடங்கிய மதிய உணவு, எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. அதன் தொடக்க விழா 1982 ஜூலை 1ஆம் நாள் நம் திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில்தான் நடந்தது. அன்று தட்டேந்திய பிள்ளைகள் இன்று ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் அம்மாக்களாகவும் இருக்கிறார்கள். அந்தச் சோற்றுக்காக அவர்கள் யாரிடமும் கூனிக் குறுக வேண்டியதில்லை.

ஆசிரியர் தினத்தன்று ஒன்றும் கொண்டு வர முடியாமல் பின்வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். சென்ற ஆண்டு ஒருத்தி ஒரு காகிதத்தில், கணக்கில் எந்தப் பாடம் எந்த நாளில் தனக்குப் புரிந்தது என்று தேதி போட்டு எழுதிக் கொடுத்தாள். கொத்துக் கொத்தாக வந்த பிளாஸ்டிக் பூக்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. அந்தக் காகிதம் ஆசிரியையின் வேதாகமத்துக்குள் இருக்கிறது.

கடைசியாகப் பாத்திரங்கள். பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது நம் பக்கத்துப் பாட்டிமார் எல்லோருக்கும் பொதுவான சட்டம். பதிலுக்குப் பலகாரம் செய்துதான் அனுப்ப வேண்டும் என்பதில்லை. அப்படிச் செய்தால் அது மொய்க் கணக்காகிவிடும். சிலர் ஒரு கரண்டி சர்க்கரை போடுவார்கள். சிலர் இரண்டு வாழைப்பழம் வைப்பார்கள். கொல்லையில் கறிவேப்பிலை இருந்தால் ஒரு கொத்து போதும். ஆசிரியர் அறை அலமாரியில் கிறிஸ்மஸிலிருந்து ஒரு எவர்சில்வர் தூக்கு இருக்கிறது. அடிப்பாகத்தில் பெயர் வெட்டியிருக்கிறது; ஆனால் தேய்ந்துபோய் முதல் எழுத்து மட்டுமே தெரிகிறது. உரியவர் வந்து பெற்றுக்கொள்ளலாம். வெறும் தூக்காக இருக்காது என்று உறுதி கூறுகிறோம்.